48 மெகாபிக்சல் படம் உடைகிறது, பழைய 12 மெகாபிக்சல் படம் தெளிவாக இருக்கிறது. ஏன்?

மழைத்துளி:
வணக்கம் நண்பர்களே. என் மகளுக்கு ஏழு வயது. போன வாரம் முதல்முறையாக மேடையேறிப் பாடினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, 2008-இல் வாங்கிய 12 மெகாபிக்சல் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தேன். தம்பி கடைசி வரிசையில் நின்று 48 மெகாபிக்சல் போனில் எடுத்தான். என் படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் அதில் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். தம்பி படத்தில்தான் அந்தச் சிரிப்பு. முன்பல் விழுந்த இடைவெளிகூடத் தெரிகிறது.

அதை 18×12 அங்குலத்தில் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை. பெரிசு பண்ணிப் பார்த்தால் உடைகிறது, கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக. பிக்சல் கூடினால் தெளிவும் கூடும் என்றுதானே சொல்கிறார்கள்?

வேகநடை:
டிபிஐ-யை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணை, 300 என்று மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் ஏதாவது ஏஐ செயலியில் போட்டு நாலு மடங்கு பெரிசாக்குங்கள். ஒரு நிமிட வேலை.

அச்சுமேசை:
சகோதரி, அவசரப்பட வேண்டாம். 22 வருடமாக பிரிண்ட் லேபில் இருக்கிறேன், இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். டிபிஐ எண்ணை மாற்றுவதால் ஒரு பிக்சல்கூடப் புதிதாக வராது. எத்தனை அங்குலத்தில் அச்சிட வேண்டும் என்று கோப்பில் எழுதிவைத்த குறிப்புதான் அது.

நீங்கள் சொல்லும் கட்டம் எனக்கு வேறு சந்தேகத்தைத் தருகிறது. ஜேபெக் என்பது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை. அது படத்தை 8×8 பிக்சல் துண்டுகளாகப் பிரித்துத்தான் சுருக்கும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் கன்னம் மாதிரி வழவழப்பான இடங்களில் அந்தத் துண்டுகளின் விளிம்பு தெரியும். தம்பி படத்தை மெசேஜில் அனுப்பினாரா? கோப்பின் நீள அகலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எடுக்கும்போது ஜூம் பண்ணி எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

மழைத்துளி:
ஆமாம், மெசேஜில்தான் வந்தது. 1600×1200, 190 கேபி. இப்போது போனிலிருந்து கேபிள் போட்டு மூலக்கோப்பை எடுத்துவிட்டேன்: 4000×3000. கட்டம் போய்விட்டது! ஆனால் முடி, பிரஷ்ஷால் தீட்டியது மாதிரி இருக்கிறது. இமைமயிர் ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. 4 மடங்கு ஜூம் செய்ததாகச் சொல்கிறான். 48 எங்கே போயிற்று என்றும் புரியவில்லை, இரண்டையும் பெருக்கினால் 1.2 கோடி பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல்தான் வருகிறது.

அச்சுமேசை:
இப்போது விஷயம் தெளிவு. சற்று நீளமாகவே எழுதுகிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

பிக்சல் என்பது படத்தின் ஒரு புள்ளிக்கான நிறக் கணக்கு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவ்வளவுதான். அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதை மெகாபிக்சல் சொல்லாது. கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் பதியும் சில்லுதான் சென்சார். 48 மெகாபிக்சல் போன் சென்சார்கள் பலவற்றில் ஒரு பிக்சலின் அகலம் 0.8 மைக்ரோமீட்டர்தான் (ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்). உங்கள் பழைய கேமராவில் சுமார் 5.5 இருக்கும். பரப்பளவில் பார்த்தால் கிட்டத்தட்ட 47 மடங்கு வித்தியாசம்.

வெளிச்சம் துகள் துகளாகத்தான் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவுக்கு இருக்கும், அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அது 10 சதவீதம். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் நாய்ஸ் என்கிறோம். வெயிலில் எடுத்தால் போனும் அருமையாகத்தான் எடுக்கும். மேடை வெளிச்சத்தில் ஒவ்வொரு குட்டிப் பிக்சலுக்கும் கிடைப்பது கொஞ்சம். அதனால் போன் நாலு நாலாகச் சேர்த்து ஒன்றாக்குகிறது. 48 இப்படித்தான் 12 ஆனது. அதற்குப் பிறகும் மீந்த நாய்ஸை மென்பொருள் துடைக்கிறது. துடைக்கும்போது இமைமயிரும் சேர்ந்து போய்விடுகிறது. மென்பொருளுக்கு நாய்ஸும் இமைமயிரும் ஒன்றுபோல நுண்ணிய விவரங்கள்தான்.

இது போதாதென்று ஜூம் வேறு. தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் 4 மடங்கு ஜூம் என்றால் நடுவில் வெட்டி எடுப்பதுதான். 4000×3000-இல் 1000×750 எடுத்து, அதையே மறுபடி 4000×3000-க்கு ஊதியிருக்கிறது. கோப்பு 1.2 கோடி பிக்சல் காட்டும், உண்மையில் பார்த்தது ஏழரை லட்சம்.

ஆனால் மனம் தளர வேண்டாம். 1957-இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரஸ்ஸல் கிர்ஷ் முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றிய படம் அவருடைய கைக்குழந்தையின் முகம். வெறும் 176×176 பிக்சல்தான், இன்றும் பார்த்தவுடன் குழந்தை என்று தெரிகிறது. முகத்தை அடையாளம் காட்ட நிறைய வேண்டாம். அளவைத்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேகநடை:
அதற்குத்தானே ஏஐ சொன்னேன்? இமைமயிரைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

அச்சுமேசை:
தம்பி, கொண்டுவராது, புதிதாக வரையும். கட்டடம், இலைதழை என்றால் நானே பயன்படுத்துகிறேன். குழந்தை முகத்தில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு பிள்ளையின் படத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தேன். விழுந்த பல் இருந்த கறுப்பு இடைவெளியை நிழல் என்று நினைத்து மென்பொருள் ஒரு வெள்ளைப் பல்லை வைத்துவிட்டது. எனக்குக் கண்ணில் படவில்லை. அம்மா படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு "இது என் பொண்ணு இல்லை" என்றார். அந்தப் படத்தை நானே கிழித்துப் போட்டேன்.

சகோதரி, 6×4 அங்குலத்தில் போடுங்கள். மேல் கீழ் கொஞ்சம் வெட்டினால் 1000×667 நிற்கும், அங்குலத்துக்கு 167 பிக்சல். 60 செ.மீ. தூரத்தில் நல்ல கண்ணுக்கு 145-க்கு மேல் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மேசையில் வைத்தால் உடையாது. ஷார்ப்னஸ் கூட்ட வேண்டாம், மேட் தாள் கேளுங்கள், பளபளப்புத் தாள் அந்தத் தீட்டலை எடுத்துக் காட்டும். சுவருக்கு உங்கள் கேமரா படம். 18 அங்குலத்தில் அங்குலத்துக்குச் சுமார் 238 பிக்சல் வரும், தாராளம்.

மழைத்துளி:
அண்ணா, மேட் தாளில் 6×4 போட்டு வாங்கிவிட்டேன். இமைமயிர் இல்லைதான், ஆனால் கை நீட்டிப் பிடித்தால் அது தெரியவே இல்லை. சுவருக்கும் கண் மூடிய படத்தையே கொடுத்திருக்கிறேன். பாட்டில் லயித்த மாதிரிதான் இருக்கிறது, அன்று அவசரத்தில் நான் அதைச் சரியாகவே பார்க்கவில்லை. மேசைப் படத்தை மகளிடம் காட்டினேன். பல் இல்லாத இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.