தாத்தா பாஸ்போர்ட்டில் ஒரு ‘தவிர’

குழு: கீழூர் வீடு

சித்தி, காலை 9:40
[படம்]
பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இன்றைக்குத்தான் இறக்கினோம். அப்பாவுடைய பழைய பாஸ்போர்ட் இருக்கிறது, 1972ல் எடுத்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லும், தென்னாப்பிரிக்கா தவிர என்று போட்டிருக்கிறது. கப்பலில் போனபோது அங்கே எதிலாவது மாட்டிக்கொண்டாரா?

மாமா, 9:52
இல்லம்மா. அப்போது எல்லார் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். அங்கே வெள்ளைக்காரர்கள் மட்டும் ஆண்ட நிறவெறி ஆட்சி. இந்தியா 1946லேயே, சுதந்திரம் வருவதற்கு முன்னாலேயே, அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டது.

மாமா, 9:55
1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஞாபகம் இருக்கிறதா? விஜய் அமிர்தராஜும் ஆனந்தும் நம்ம மெட்ராஸ் பையன்கள். இறுதிப் போட்டி வரை வந்துவிட்டார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கோப்பை ஆடாமலேயே அவர்களுக்குப் போனது. அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் செய்தது சரிதான் என்றார்.

பரத், 10:03
அரசாங்கம் தடை போட்டது சரி மாமா. எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற சாதாரண ஆள் இதில் என்ன செய்திருக்க முடியும்?

கயல், 10:10
பரத், இரண்டு வருஷமாக ஆவணக் காப்பகப் படிப்பில் நான் படித்துக்கொண்டிருப்பதே இதைத்தான். வகுப்பு முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கயல், மதியம் 1:20
1959 ஜூன் 26, லண்டன் ஹோல்பர்ன் மண்டபத்தில் ஒரு கூட்டம். தென்னாப்பிரிக்கப் பழம், சிகரெட் எதையும் வாங்காதீர்கள் என்று மக்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பேசியவர்களில் பின்னாளில் தான்சானியாவின் முதல் ஜனாதிபதியான ஜூலியஸ் நைரேரேவும் ஒருவர். ஆரம்பத்தில் வேலை நடந்தது கோவர் தெரு 200ஆம் எண்ணில், டாக்டர் டேவிட் பிட் நடத்திய கிளினிக்கில், தரைக்குக் கீழே இருந்த தளத்தில். 1960 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போராடியவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘நிறவெறி எதிர்ப்பு இயக்கம்’ என்று பெயர் மாறியது. தொடங்கியவர்களில் வெல்லா பிள்ளையும் ஒருவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், பெயரிலேயே பிள்ளை இருக்கிறது. பகலில் லண்டனில் பேங்க் ஆஃப் சைனாவில் பொருளாதார வேலை, மற்ற நேரமெல்லாம் இயக்கம்.

அம்மா, 1:31
நம்ம பக்கத்து ஆளா?

கயல், 1:33
எந்த ஊர்க் குடும்பம் என்று நான் படித்ததில் இல்லைம்மா.

கயல், 1:45
பரத், உன் கேள்விக்கு நேரான பதில் டப்ளினில் இருக்கிறது. 1984 ஜூலை 19, ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் என்ற பெரிய கடை. பில் போடும் மேரி மேனிங்கிற்கு வயது 21. ஒரு பெண்மணி இரண்டு தென்னாப்பிரிக்கக் கிரேப்ஃபுரூட் எடுத்து வந்தார். மேரி பில் போட மாட்டேன் என்றார். அந்த நாட்டுச் சரக்கைத் தொடக்கூடாது என்று தொழிற்சங்கம் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். நிறவெறி பற்றி அப்போது அவருக்கே அதிகம் தெரியாது. சஸ்பெண்ட் ஆனார். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு பத்துப் பேர் அவரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

வாசலில் நின்றபோது நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கக்காரர் வந்து சேர்ந்துகொண்டார். நாடு கடந்து வாழ்ந்தவர். அவர் சொல்லிச் சொல்லித்தான் எதற்காக நிற்கிறோம் என்பதே அவர்களுக்கு முழுசாகப் புரிந்தது. மழையிலும் பனியிலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் நின்றார்கள். 1987ல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியையே நிறுத்திவிட்டது.

பரத், 1:52
ஒரு பழத்துக்காகவா! பெரிய விஷயம் அக்கா.

கயல், 2:15
என்னைக் கேட்டால் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஐடாஃப் என்று ஒரு நிதியம். லண்டன் செயின்ட் பால் தேவாலயப் பாதிரியார் ஜான் காலின்ஸ் நடத்தியது. 1956ல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்த 156 பேர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்களே, அவர்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் சேர்த்ததில் ஆரம்பித்தது. 1966ல் தென்னாப்பிரிக்க அரசு இதைத் தடை செய்தது. அந்தப் பணத்தைத் தொட்டால் ஜெயில்.

அதனால் சுற்றி வளைத்து அனுப்பினார்கள். வழக்குச் செலவு லண்டன் சொலிசிட்டர்கள் வழியாக, யாரோ ஒரு நல்ல மனிதர் கொடுத்தது போல அங்குள்ள வக்கீலுக்குப் போகும். கைதியின் வீட்டுக்கோ கடிதத்தோடு பணம் போகும். எழுதுபவர்கள் இங்கிலாந்திலும் மற்ற நாடுகளிலும் இருந்த சாதாரண ஆட்கள். தன் கைப்பட, ஒரு சிநேகிதி போல, ‘குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்’ என்று எழுதி, கூடவே பணம் வைப்பார்கள். நிதியத்தின் பெயர் எங்கேயும் வராது. பதில் கடிதம் வந்தால் அதை லண்டன் ஆபீசுக்குக் கொடுத்துவிடுவார்கள், யாருக்கு என்ன தேவை என்று அங்கே குறித்துக்கொள்வார்கள். 25 வருஷம் இப்படியே. மொத்தம் சுமார் 10 கோடி பவுண்டு உள்ளே போனது. கடைசிவரை தென்னாப்பிரிக்க அரசால் இந்த வலையைப் பிடிக்கவே முடியவில்லை.

சித்தி, 2:24
அந்தப் பதில்களில் என்ன எழுதியிருப்பார்கள்?

கயல், 2:31
வீட்டு விஷயம்தான் சித்தி. பள்ளிக்கூடச் சம்பளம், வாடகை, உடம்பு முடியாதது, ராபன் தீவுச் சிறையில் இருக்கும் கணவரைப் போய்ப் பார்த்து வர ரயில் செலவு. அவர் வருவார் என்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுதியது. 1988ல் வெம்ப்ளி மைதானத்தில் மண்டேலா பிறந்தநாள் கச்சேரி நடந்ததே, அது உலகத்துக்கே தெரியும். இந்தக் கடிதங்களைப் பற்றி எழுதினவர்களே வெளியில் சொல்லாமல் இருந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துவிடும்.

அம்மா, 2:40
தப்பித்தவறி ஒருத்தர் வாய் விட்டிருந்தால் எத்தனை குடும்பம்!

மாமா, 2:48
அந்தக் காகிதமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது மருமகளே?

கயல், 3:05
1991ல் நிதியத்தை மூடியபோது படங்கள், ஃபிலிம், ஆவணங்கள் எல்லாம் கேப் டவுன் பக்கம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. மாயிபுயே காப்பகம் என்று பெயர். மாயிபுயே என்றால் ‘திரும்பி வரட்டும்’. லண்டன் இயக்கத்தின் காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. டச்சுக்காரர்களுடையது ஆம்ஸ்டர்டாம் சமூக வரலாற்று நிறுவனத்தில். அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் சட்டையில் குத்திய பேட்ஜைக்கூடச் சேர்த்து வைத்திருக்கிறது.

கயல், 3:12
இ.எஸ்.ரெட்டியையும் சொல்லவேண்டும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஐ.நா. நிறவெறி எதிர்ப்புக் குழுவின் வேலைகளை 1963லிருந்து இருபது வருஷம் முதுகெலும்பாக இருந்து நடத்தினார். துண்டறிக்கை, கடிதம் என்று கையில் வந்ததையெல்லாம் பத்திரப்படுத்தி, கடைசியில் யேல் பல்கலைக்கழகம் முதலான இடங்களுக்குக் கொடுத்துவிட்டார். 2020ல் இறந்தார்.

பரத், 3:20
இவ்வளவு ஏன் சேர்த்து வைக்கவேண்டும் அக்கா? வரலாற்றுப் புத்தகம் இருக்கிறதே.

கயல், 3:34
1993ல், ஆட்சி மாறப்போகிறது என்று தெரிந்ததும், அந்த நாட்டு உளவுத்துறை தலைமையகம் மட்டும் ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் சுமார் 44 டன் காகிதத்தையும் மைக்ரோஃபிலிமையும் அழித்தது. பிரிட்டோரியாவில் இரும்பாலை உலையில் போட்டு எரித்தார்கள். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதை எழுதியிருக்கிறது. யாரைப் பிடித்தார்கள், என்ன செய்தார்கள் என்பதில் எவ்வளவோ அதிலேயே போய்விட்டது. அதனால்தான் ஒரு தாய் ரயில் செலவுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம் இப்போது சாட்சியாக நிற்கிறது. என்ன தேதி, எந்த ஜெயில், வீட்டில் யார் யார் என்று அதில் இருக்கும்.

மாமா, 3:50
நான் இருந்த சங்கத்தில் 30 வருஷத்து நோட்டீஸ், மினிட் புத்தகம் எல்லாவற்றையும் ஆபீசுக்கு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிட்டார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை. இப்போது படிக்கும்போது வலிக்கிறது.

சித்தி, 4:02
கயல், பெட்டியில் இன்னும் இருக்கிறது. அப்பா கப்பலிலிருந்து அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள், ஒரு கட்டு. பாஸ்போர்ட்டோடு சேர்த்து லேமினேட் செய்துவிடட்டுமா?

கயல், 4:03
வேண்டாம் சித்தி! லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் மை கெட்டுப்போகலாம், பிறகு பிரிக்கவும் முடியாது. ரப்பர் பேண்ட், குண்டூசி இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். இருக்கிற வரிசையை மாற்றாமல் சுத்தமான வெள்ளைத்தாளில் சுற்றி, ஈரம் இல்லாத அலமாரியில் வையுங்கள். பரணில் திரும்ப ஏற்றவேண்டாம். சனிக்கிழமை நான் வருகிறேன்.

சித்தி, 4:20
[படம்]
ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேலே இருக்கிற கடிதத்தில் ‘மொம்பாசா, 1975’ என்று இருக்கிறது. கீழே உள்ளதைப் பிரிக்கவில்லை, நீ வந்து பார்.