தொண்டர் வெஸ்டில சிவப்புச் சிலுவை போடலாமோ? மிச்சம் தைக்க முதல் கேக்கிறன்

வீதித்தொண்டு:
நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கட சனசமூக நிலையத்தில இருந்து 12 பேர் முதலுதவிக்கு நிக்கினம். எல்லாரும் முதலுதவிச் சான்றிதழ் எடுத்த ஆக்கள், அதுக்கு மேல மருத்துவப் படிப்பில்லை. செம்மஞ்சள் வெஸ்ட். தையல்காரர் மாதிரிக்கு ஒண்டு தைச்சுத் தந்திருக்கிறார்: நெஞ்சில வெள்ளைத் துணியில சிவப்புச் சிலுவை, முதுகில "பரமெடிக்". ஒராள் சிலுவை கூடாது எண்டுறார். இன்னொராள் நிறத்தை மாத்திச் சிவப்பில வெள்ளைச் சிலுவை போட்டால் சரி எண்டுறார். எது சரி?

கச்சேரியடி:
ரெண்டும் வேண்டாம். செஞ்சிலுவை 1949 ஜெனீவா உடன்படிக்கைகளில வாற பாதுகாப்புச் சின்னம். முதலாம் உடன்படிக்கையின்ர 53ஆம் உறுப்புரை, உரிமையில்லாத ஆக்கள் அதையோ அதைப்போல ஒண்டையோ எந்தக் காலத்திலயும் பாவிக்கக்கூடாது எண்டுது. நிறத்தை மாத்தினால் அது சுவிஸ் கொடி, அதையும் அதே உறுப்புரை தடுக்குது. இலங்கையில இதுக்கு 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. பாமசிப் பலகையில கிடக்குதே எண்டு கேக்காதேங்கோ, அதுவும் பிழைதான்.
பச்சையில வெள்ளைச் சிலுவை போடுங்கோ. ஐஎஸ்ஓ 7010 எண்ட சர்வதேசப் பாதுகாப்புக் குறித் தரத்தில முதலுதவிக்கான குறி அதுதான்.

வீதித்தொண்டு:
அம்புலன்சில இருக்கிற நீல நட்சத்திரம்?

பின்சீட்:
ஆறு கை, நடுவில தடியில ஒற்றைப் பாம்பு. அமெரிக்காவில முந்தி அம்புலன்சுகளில செம்மஞ்சள் சிலுவை இருந்தது. அது தங்கட சின்னத்தைப் போல கிடக்கெண்டு அங்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபிக்க, 1973இல வரைஞ்ச சின்னம் இது. ஆறு கையும் ஆறு வேலை: கண்டறிதல், அறிவித்தல், விரைதல், இடத்தில பராமரிப்பு, வழியில பராமரிப்பு, ஆஸ்பத்திரியில ஒப்படைத்தல். நீங்கள் செய்யிறது முதல் நாலிலயும் ஒரு பங்கு, ஏத்திக்கொண்டு போறதில்லை. அதால உங்களுக்கு அது பொருந்தாது.
"பரமெடிக்"கைக் கட்டாயம் எடுங்கோ. அமெரிக்காவில அவசர மருத்துவ ஊழியரின்ர தேசியப் பதிவில நாலு படி இருக்கு, ஒவ்வொண்டுக்கும் வேறை பட்ஜ். ஏன்? சாதாரண ஈஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) நாளத்தில ஊசி போடுறதில்லை, அதுக்கு மேல படிச்ச பரமெடிக் போடுவார். பட்ஜைப் பாத்துத்தான் பக்கத்தில நிக்கிறவர் வேலையைக் கையில தருவார். 1990 எண்ட அவசர இலக்கத்துக்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்து நிக்கேக்க உங்கட முதுகைப் பாத்திட்டு, சேலைன் ஏத்தியாச்சோ எண்டு கேட்டால் என்ன சொல்லப்போறியள்?
உங்கட வேலை: இரத்தத்தை அழுத்திப் பிடிக்கிறது, மூச்சில்லாட்டி நெஞ்சை நிமிசத்துக்கு 100 முதல் 120 தரம், 5–6 செ.மீ. ஆழத்துக்கு அமத்துறது, 1990க்கு அடிக்கிறது. குளிசை குடுக்கிறதில்லை. ஒப்படைக்கேக்க விழுந்த நேரம், கண்டது, செய்தது மூண்டையும் சொல்லுங்கோ. முதுகில "முதலுதவி" எண்டு மூண்டு மொழியிலயும் போட்டால் காணும்.

கோண்டாவில் தையல்:
பட்ஜ் 8 செ.மீ.க்குக் குறையாமல் போடுங்கோ, கூட்டத்துக்குள்ள சின்னது தெரியாது. நூல் பொலியெஸ்டர், ரேயன் பிளீச்சிங்கில வெளுக்கும். அயனால ஒட்டுற பட்ஜ் வேண்டாம், சுடுதண்ணியில பசை இளகிக் கரை கிளம்பும். சுத்தவரத் தையல் போடுங்கோ.
ஒளிரும் பட்டி 50 மி.மீ. அகலம். பளிச்செண்டு தெரியிற உடுப்புக்கான ஐஎஸ்ஓ 20471 தரத்தில ரெண்டாம் வகுப்புக்கு 0.13 சதுர மீற்றர் வேணும், அதாவது ஒரு வெஸ்டுக்கு 2.6 மீற்றர். 12க்கு 31.2, வெட்டுக்கழிவோட 34 மீற்றர் வேண்டுங்கோ. ஊசியைப் பட்டியின்ர கரையிலயே ஓட்டுங்கோ, நடுவில குத்தினால் கண்ணாடி மணிப் படை உடைஞ்சு அந்த இடம் கறுக்கும்.
இரத்தக்கறையைப் பச்சைத்தண்ணியில ஊறவிடுங்கோ, சுடுதண்ணி கறையைப் பிடிச்சு வைக்கும். வெஸ்டில பிளீச் படப்படாது, செம்மஞ்சளின்ர பளிச்சு போயிடும்.

சன்னதியான்:
எல்லாம் சரி, ஆனா நல்லூர் உள்வீதியில ஆம்பிளையள் மேலுடுப்போட நிக்கேலாதெல்லே? வெஸ்ட் வெளிவீதிக்கு மட்டும்தான். உள்ள போறவைக்குக் கைப்பட்டி தையுங்கோ.

வீதித்தொண்டு:
அட, அதை யோசிக்கேல்லை. அளவு சொல்லுங்கோவன்.

கோண்டாவில் தையல்:
பச்சைத் துணி, 10 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், உள்பக்கம் பருத்தி. வெல்க்ரோவில கொக்கிப் பக்கம் 5 செ.மீ., மெத்தைப் பக்கம் 17 செ.மீ. 28இல இருந்து 40 செ.மீ. வரைக்கும் உள்ள கைக்குப் பிடிக்கும். கொக்கியை வெளியில பாக்கத் தையுங்கோ, மாறித் தைச்சால் வேர்வையோட தோலை உரசிப் புண்ணாக்கிப்போடும்.