கூட்டுப்புழுவில இருந்து இலையான் வந்திட்டுது, என்ன இலையான் இது?

வெள்ளவத்தை பல்கனி:
வணக்கம், சாடியில நிக்கிற தேசி மரத்தில பெரிய பச்சைப் புழு ரெண்டு கிடந்தது, மகன் வண்ணத்துப்பூச்சி வருமெண்டு ஜாம் போத்தலுக்க விட்டு வாயைத் துணியால கட்டி வச்சவன், ரெண்டும் கூடாகிட்டுது. இண்டைக்கு விடியப் பாத்தா ஒரு கூட்டுக்குப் பக்கத்தில இலையான் ஒண்டு நிக்குது! துணி அவிழேல்ல, ஓட்டையும் இல்ல, எங்கால வந்தது? சிவப்புக் கண், சாம்பல் உடம்பு, முதுகில கறுப்புக் கோடு, வீட்டு இலையானை விடக் கொஞ்சம் பெரிசு. போட்டோ போட்டிருக்கிறன், பாத்துப் பேர் சொல்ல ஏலுமோ? இவன் காலையில இருந்து அழுது கொண்டிருக்கிறான்.

கோல் றோட்:
கூடு செத்து நாறியிருக்கும் அக்கா, அதுக்கு வந்த இறைச்சி இலையான். முதுகில கோடு இருந்தா அதுதான். கழுவி ஊத்துங்கோ.

பூச்சிப் பைத்தியம்:
கழுவிப் போடாதேங்கோ!! கோட்டையும் கண்ணையும் மட்டும் வச்சுச் சொன்னா பிழைக்கும் தம்பி. இறைச்சி இலையானுக்கு முதுகில மூண்டு கோடு, வீட்டு இலையானுக்கு நாலு, அது சரி, ஆனா டக்கினிடே எண்டொரு குடும்பம் இருக்கு, அதிலயும் கனக்கத்துக்கு நாலு கோடு. 8,000க்கு மேல இனம் பேர் வச்சிருக்கினம், வாழ்க்கை முறை தெரிஞ்சது எல்லாமே வேற பூச்சிக்குள்ள வளந்து அதைச் சாகடிக்கிறதுதான். அக்கா, உங்கட புழு மரத்தில கிடக்கேக்கயே தாய் இலையான் அதில முட்டை வச்சிருக்கும், நீங்கள் துணி கட்டினது அதுக்குப் பிறகு.

போத்தலோட கொஞ்ச நேரம் பிரிட்ஜில வையுங்கோ, மந்தமாகும். பிறகு லென்ஸால பாருங்கோ. முகத்தில இருக்கிற கட்டை உணர்கொம்பில ஒரு மயிர் நீட்டிக் கொண்டிருக்கும், அரிஸ்டா எண்டுறது. வீட்டு இலையானுக்கு அது நுனி வரைக்கும் இறகு மாதிரி, இறைச்சி இலையானுக்குப் பெரும்பாலும் அரைவாசி இறகு மிச்சம் மொட்டை, டக்கினிடுக்கு அனேகமா முழு மொட்டை. இதுக்கு விதிவிலக்கு இருக்கு, அதால இதோட நிக்காதேங்கோ. முக்கியமா பாக்க வேண்டியது இதுதான்: முதுகு முடியிற இடத்தில ஒரு சின்ன முக்கோணத் தட்டு இருக்கும், பக்கவாட்டா திருப்பி அதுக்குக் கீழ பாருங்கோ, குட்டித் தலகாணி மாதிரி இன்னொரு புடைப்பு நல்லாத் தெரிஞ்சா என்ர பந்தயம் டக்கினிட். வயித்து நுனியில தும்புத்தடி மாதிரி தடிச்ச மயிரும் நிக்கும். போத்தல் அடியையும் கிளறிப் பாருங்கோ, சோத்துப் பருக்கை அளவில மண்ணிறக் குளிசை ஒண்டு கிடக்க வேணும், அதுதான் இலையான்ர கூடு.

கொட்டாஞ்சேனை புறாக்காரன்:
இடையில கேக்கிறன் குறை நினைக்காதீங்க, எங்கட புறாவுக்க தட்டையா ஒரு மண்ணிற இலையான் இருக்கு, செட்டைக்குக் கீழ நண்டு மாதிரி பக்கவாட்டில ஓடுது, விரலால நசிச்சாலும் சாகுதில்ல. அதுவும் இந்த ஜாதியா?

பூச்சிப் பைத்தியம்:
இல்ல அண்ண, அது ஹிப்போபொஸ்கிடே எண்ட வேற இலையான் குடும்பம், இனம் அனேகமா சூடோலிங்கியா கனாரியென்சிஸ். தட்டை உடம்பு, தோல் மாதிரிப் பதம், கொக்கி நகம், செட்டை நரம்பெல்லாம் முன் விளிம்புப் பக்கமா நெருங்கிக் கிடக்கும். அது புறாவைக் கொல்லுறேல்ல, வெளியில இருந்து ரத்தம் குடிக்கும், ஆனா புறா மலேரியா எண்டுற வருத்தத்தைக் குடுக்கிற ஹீமோபுரோட்டியஸ் ஒட்டுண்ணியைப் பரப்பும், அதால விடாதேங்கோ. முட்டை போடாது, ஒவ்வொரு முறையும் வளந்த புழு ஒண்டைத்தான் பெறும், அது உடனயே கறுத்துக் கூடாகிடும். பெட்டியடிக் குப்பையை அடிக்கடி கூட்டி அள்ளுங்கோ, அதுக்குள்ளதான் கூடெல்லாம் கிடக்கும்.

வெள்ளவத்தை பல்கனி:
பாத்திட்டன்! அரிஸ்டா மொட்டை. தட்டுக்குக் கீழ புடைப்பு இருக்கு, முதல் தெரியேல்ல, போன் டோர்ச்சைப் பக்கத்தால அடிச்சாப் பிறகுதான் தெரிஞ்சுது. குளிசையும் இருக்கு, ஒரு முனை மூடி திறந்த மாதிரி. கூட்டில ஒரு ஓட்டை, அதில வெள்ளையா நூல் மாதிரி ஏதோ காஞ்சு போய்த் தொங்குது.

கோல் றோட்:
சரி சரி, தோத்திட்டன். இனம் என்ன அண்ணா?

பூச்சிப் பைத்தியம்:
அந்த நூல் இலையான் புழு கூட்டை விட்டு இறங்கினதில வந்தது, இப்ப எனக்குச் சந்தேகமே இல்ல, டக்கினிட். இனம் போட்டோவில சொல்லேலாது, சொல்லுற ஆளை நம்பாதேங்கோ. தலை மயிர் வரிசை, ஆணெண்டா இனப்பெருக்க உறுப்பு எல்லாம் மைக்ரோஸ்கோப்பில பாக்க வேணும். அதை விட எதுக்குள்ள இருந்து வந்தது எண்டுறது பெரிய தடயம். நீங்கள் புழுவையும் படமெடுத்திருந்தா அதையும் போடுங்கோ, தேசியில பப்பிலியோ டெமோலியஸ், பப்பிலியோ பொலிடெஸ் எண்ட ரெண்டு வண்ணத்துப்பூச்சியின்ர புழுவும் வரும். இலையானை வச்சிருக்கிறதெண்டா வெறும் கூடு, குளிசை ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டு திகதி, இடம், மரம் எழுதி ஒட்டுங்கோ. இந்த மூண்டும் இல்லாத இலையானை ஆர் பாத்தும் பிரயோசனமில்ல.

வெள்ளவத்தை பல்கனி:
புழுவின்ர படம் மகன்ர டேப்பில கிடக்கு, பின்னேரம் போடுறன். மற்றக் கூடு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. இவன் இப்ப அதுக்குள்ளயும் இலையான் வரவேணுமெண்டு நிக்கிறான்.