சிஓ2 சாலினாய்டு மாட்டிய வைஃபை பிளக் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது, மீன்கள் மூச்சுத் திணறுகின்றன: உதவுங்கள்

கெண்டைக்குஞ்சு:

வணக்கம். வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. மூன்றடி செடித் தொட்டி வைத்திருக்கிறேன். கார்டினல் டெட்ரா கூட்டம், ஒரு ஜோடி ஏஞ்சல், கொஞ்சம் அமானோ இறால். செடிகளுக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்ஸைடு) வாயுவை சிலிண்டரிலிருந்து திறந்து மூடும் மின்வால்வான சாலினாய்டு ஒரு வைஃபை ஸ்மார்ட் பிளக்கிலும் ஏர் பம்ப் இன்னொன்றிலும் இருக்கின்றன. லைட்டுக்கு அதனுடைய சொந்த வைஃபை கன்ட்ரோலர் உண்டு. காலை 10 மணிக்கு சிஓ2 திறக்கும், 11 மணிக்கு லைட் எரியும். மாலை 6 மணிக்கு சிஓ2 நின்றுவிடும், 7 மணிக்கு லைட் அணைந்து ஏர் பம்ப் ஓடத் தொடங்கும்.

பிரச்சனை என்னவென்றால், இரண்டு பிளக்கும் ஆப்பில் திடீர் திடீரென்று ஆஃப்லைன் என்று காட்டும். ரூட்டரை அணைத்துப் போட்டால் வரும், அப்புறம் மறுபடி போய்விடும். அதுவரைக்கும் எரிச்சலோடு சமாளித்துவிட்டேன். போன வாரம் காலையில் எழுந்து பார்த்தால் சிஓ2 போகும் வேகத்தைக் காட்டும் பபிள் கவுன்டரில் குமிழி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் எலுமிச்சை மஞ்சள், அதாவது சிஓ2 மிக அதிகம். ஏஞ்சல் இரண்டும் மேலே வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. ஏர் பம்பும் ஓடவில்லை. உடனே சிலிண்டரை மூடி, ஃபில்டர் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, பாதித் தண்ணீரை மாற்றினேன். மீன்கள் பிழைத்தன, சில இறால்கள் போய்விட்டன. மனசே ஆறவில்லை.

வாங்கிய கடையில் பிளக்கை மாற்றித் தந்தார்கள். புதுசும் அப்படியேதான். அதே அறையில் என் போனில் வைஃபை நன்றாகவே வருகிறது. லைட்டும் சில நாள் ஆஃப்லைன் என்று காட்டும், ஆனால் நேரத்துக்குச் சரியாக எரிந்து அணைகிறது. பிளக் மட்டும் ஏன் இப்படி?

கம்பியில்லாதவன்:

இறால் போனதற்கு வருத்தம் அக்கா. சில கேள்விகள். பிளக் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது, ரூட்டர் எங்கே? ரூட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரா? அன்று சாயங்காலம் கரண்ட் போனதா?

கெண்டைக்குஞ்சு:

தொட்டிக்குப் பின்னால் சுவரில் பிளக் பாயின்ட், ஸ்டீல் ஸ்டாண்டுக்கு உள்ளே வரும். ரூட்டர் ஹாலில். நேர்கோடு போட்டால் நடுவில் தொட்டிதான் நிற்கும். வைஃபை பெயர் ஒன்றுதான். ஆமாம், அன்று ஐந்து மணி வாக்கில் கரண்ட் போய் உடனே ஜெனரேட்டர் வந்தது. ஆனால் இன்டர்நெட் நடுராத்திரி வரை வரவே இல்லை, தெருவில் இருக்கும் பெட்டியில் ஏதோ கோளாறு என்றார்கள். போன் வைஃபையில் இணைந்திருந்தது, நெட் மட்டும் இல்லை.

கம்பியில்லாதவன்:

விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. சிக்னல் பலவீனம் தனி, மீனைத் திணறடித்தது தனி.

முதலில் முக்கியமானது. இந்த வகை பிளக்குகள் பலவற்றில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் இன்டர்நெட்டில் மணி கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். 6 மணிக்கு ஆஃப் என்ற அட்டவணை உள்ளேயே பதிந்திருந்தாலும் இப்போது மணி என்ன என்று தெரியாவிட்டால் எதை வைத்து அணைக்கும்? அதோடு, கரண்ட் வந்தால் முன்பிருந்த நிலைக்கே திரும்பு என்ற அமைப்பு இருந்திருக்கும். ஐந்து மணிக்கு சிஓ2 ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் வந்ததும் மறுபடி ஓடியது, ஆறு மணி ஆனதே அதற்குத் தெரியவில்லை. ஏர் பம்ப் பிளக் அணைந்த நிலையில் இருந்தது, ஏழு மணி அதற்கும் தெரியவில்லை. நடுராத்திரியில் நெட் வந்த பிறகும் தப்பிப்போன நேரத்தைப் பெரும்பாலான பிளக்குகள் திரும்பிப் பார்க்காது, அடுத்த அட்டவணை நேரத்துக்குத்தான் காத்திருக்கும். உங்கள் லைட் கன்ட்ரோலருக்குள் பேட்டரியோடு கடிகாரம் இருக்க வேண்டும், அதனால்தான் ஆஃப்லைனிலும் ஒழுங்காக நடக்கிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். சிலிண்டரின் மெயின் வால்வை மூடிவிடுங்கள். ரூட்டருக்கு வரும் ஃபைபர் கேபிளைக் கழற்றிவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் திரும்ப மாட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து அணைய வேண்டும் என்று முன்பே ஒரு அட்டவணை போட்டு வையுங்கள். அணைகிறதா பாருங்கள்.

அடுத்தது சிக்னல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். மூன்றடி தொட்டியும் ஸ்டீல் ஸ்டாண்டும் குறுக்கே இருந்தால் அந்தப் பிளக்குக்குள் இருக்கும் சின்ன ஆன்டெனாவுக்கு என்ன மிஞ்சும்? போனை வைத்து ஒப்பிடாதீர்கள். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், ஆன்டெனாவும் நல்லது, நீங்கள் அதைக் கையில் பிடித்துத் தொட்டிக்கு முன்னால்தான் நிற்பீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு பிளக்குகளை ஸ்டாண்டுக்கு வெளியே, பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் பொருத்துங்கள். தொட்டியிலிருந்து வரும் ஒயர் ஒவ்வொன்றும் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறிப் பிளக்குக்குப் போகட்டும். அப்போது ஒயர் வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ரூட்டரில் 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து பிளக்கை அதில் மட்டும் இணையுங்கள். அடுக்குமாடியில் சேனல் ஆட்டோவில் இருந்தால் ரூட்டர் அடிக்கடி சேனல் மாறும், மாறும்போதெல்லாம் இந்த மாதிரிச் சாமான்கள் தடுமாறும். 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் நிலையாக வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பாதுகாப்பு டபிள்யு.பி.ஏ 3 என்று இருந்தால் 2.4க்கு மட்டும் டபிள்யு.பி.ஏ 2 கொடுத்துப் பாருங்கள், பழைய சிப்புகளுக்கு 3 ஒத்துவராது.

வேர்ப்பாசி:

தம்பி சொன்ன நெட்வொர்க் வேலையெல்லாம் செய்யுங்கள், ஆனால் சிஓ2வை முதலில் வைஃபையிலிருந்து இறக்குங்கள் அம்மா. செடித் தொட்டியில் ராத்திரி செடிகள் சிஓ2வை எடுத்துக்கொள்ளாது, அவையும் மீனோடு சேர்ந்து ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும். பகலில் டிராப் செக்கர் பச்சையாக, அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம் வாக்கில் இருக்கும் அதே குமிழி வேகம் ராத்திரி முழுக்க ஓடினால் மஞ்சளைத் தாண்டிப் போய்விடும். டிராப் செக்கர் வேறு ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் நிறம் மாறும். அதைப் பார்த்து எச்சரிக்கையாகலாம் என்று நம்பக் கூடாது.

உள்ளே பேட்டரி இருக்கிற சாதாரண டிஜிட்டல் டைமர் போதும். முள் சுற்றும் பழைய வகை வேண்டாம். கரண்ட் போன நேரமெல்லாம் அது நின்றுவிடும், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பின்தங்கிக்கொண்டே போகும்.

ஏர் பம்ப் வைஃபை பிளக்கிலேயே இருக்கட்டும். ஆனால் கரண்ட் வந்தால் ஆன் ஆகு என்று மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் புத்தி பேதலித்தால் எந்த நிலையில் நிற்பது மீனுக்கு நல்லது என்று பார்த்து வைக்க வேண்டும். ஏர் பம்ப் ஓடுவது நல்லது, சிஓ2 மூடியிருப்பது நல்லது. கேனிஸ்டர் ஃபில்டரை ஸ்மார்ட் பிளக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது நேராகச் சுவரில்.

உப்புத்தொட்டி:

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி. என் இரண்டு வேவ்மேக்கரும் வயர்லெஸ்ஸில் ஒன்றுக்கொன்று பேசி அலை எழுப்ப வேண்டும். இணைப்பு அறுந்தால் ஆளுக்கொரு தாளத்தில் ஓடும். கன்ட்ரோலரில் கேபிள் துளை இருந்ததால் கேபிள் போட்டு இணைத்துவிட்டேன், நிம்மதி. ஒரு விஷயம், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி அதன் பின்களைப் பாருங்கள். எங்களுக்கு உப்புப் படியும், உங்களுக்கு ஈரத்தில் பச்சை படியலாம். தொட்டால் சூடாக இருந்தால் அந்தப் பிளக்கையே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சோல்டர்மணி:

பிளக்கில் டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருளை ஏற்றினால் கம்பெனி சர்வர் தேவையில்லை, டைமர் உள்ளேயே ஓடுமே?

கம்பியில்லாதவன்:

ஓடும் ப்ரோ, ஆனால் அதற்கும் மணி தெரிய வேண்டும். நெட் இல்லாமல் மறுபடி தொடங்கினால் அதே கதைதான். டிஎஸ்3231 மாதிரி பேட்டரி கடிகாரச் சிப் சேர்த்தால் தீரும். அதற்குப் பிளக்கைத் திறந்து, மின் இணைப்பு முழுக்கத் துண்டித்த நிலையில் சோல்டர் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைக்கும் சாமானைத் திறந்து மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கெண்டைக்குஞ்சு:

சோதனை செய்தேன். சொன்னபடியே, ஃபைபரைக் கழற்றிய பிறகு பிளக் அணையவே இல்லை. கேபிளைத் திரும்ப மாட்டியும் அசையவில்லை. நான் ஆப்பில் அணைத்தால்தான் அணைந்தது. ஆக கடைக்காரர் மாற்றித் தந்ததிலும் குறை இல்லை போல.

பிளக்குகளை வெளியே எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டேன், 2.4க்குத் தனிப் பெயரும் கொடுத்தாயிற்று. சேனல் 11இல் வைத்த பிறகு இதுவரை ஆஃப்லைன் வரவில்லை. டிஜிட்டல் டைமரும் வாங்கிவிட்டேன். ஆனால் ஊருக்குப் போகும்போது போனிலிருந்து சிஓ2வை அணைக்கும் வசதி வேண்டும். டைமரையும் வைஃபை பிளக்கையும் சேர்த்து மாட்டலாமா?

வேர்ப்பாசி:

தாராளமாக. வரிசைதான் முக்கியம். சுவரில் வைஃபை பிளக், அதில் டைமர், டைமரில் சாலினாய்டு. தலைகீழாக மாட்டினால் டைமர் தினமும் பிளக்கின் கரண்டையே துண்டிக்கும், பிளக் தினமும் காலையில் புதிதாக வைஃபையைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த வரிசையில் வைஃபை பிளக்கின் அட்டவணையை முழுக்க அழித்துவிட்டு எப்போதும் ஆனில் விடுங்கள். கரண்ட் வந்தால் முன்பிருந்த நிலைக்கே திரும்பட்டும். நீங்கள் ஊரிலிருந்து அணைத்தால் அணைந்தே இருக்கும், மற்றபடி 6 மணிக்கு மூடுவது டைமரின் வேலை. டைமரைப் பூட்டும் முன் அரை நாளாவது சுவரில் மாட்டி உள்பேட்டரியைச் சார்ஜ் ஏற்றுங்கள். முற்பகல் பிற்பகல் சரியாக வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், மாலை 6 என்பது காலை 6 ஆகிவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

கெண்டைக்குஞ்சு:

சரி சார், இன்றைக்கு ராத்திரி சார்ஜில் போடுகிறேன். 24 மணி நேர முறையிலேயே வைத்துவிடுகிறேன், 18:00 என்று. முதல் சில நாள் சிஓ2 மூடும் நேரத்தில் தொட்டி பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஊருக்குக் கிளம்புவேன். எல்லோருக்கும் நன்றி.