பழைய ரயில் கட்டுமானக் கணக்கு: பவுண்டு, ரூபாய், மண் வேலை மூன்றும் உதைக்கிறதே?

மயிலை_பேரேடு:
மெட்ராஸ் ரயில்வேயின் ராயபுரம்–வாலாஜா பாதை காலத்துக் கட்டுமானக் கணக்குகளை எக்செல்லில் ஏற்றி, ஒரு மைலுக்கு என்ன செலவு என்று பார்க்க முயல்கிறேன். மூன்று இடத்தில் உதைக்கிறது. லண்டன் தொகையைப் பவுண்டுக்கு 10 ரூபாய் என்று மாற்றினால் சென்னைத் தொகையோடு ஒட்டவில்லை. கப்பலில் இறங்கிய தண்டவாளம் பாதை நீளத்தைவிட அதிகமாக இருக்கிறது. மண் வேலையில், மண் வெட்டிய குழியின் அளவும் அந்த மண்ணைக் கொட்டிய ரயில் கரையின் அளவும் வேறு வேறு. கையாடல் என்று எழுதிவிடலாமா?

தம்பிடி:
அவசரப்படாதீர்கள். முதல் சிக்கலுக்கு ஒப்பந்தத்தில் விடை இருக்கிறது. அந்தக் காலத்து உத்தரவாதக் கம்பெனிகளுக்கு (அரசு வட்டிக்கு ஜாமீன் நின்ற ரயில் கம்பெனிகள்) ரூபாய் மதிப்பை 1 ஷில்லிங் 10 பென்ஸ், அதாவது 22 பென்ஸ், என்று நிர்ணயித்திருந்தார்கள். சந்தையில் 2 ஷில்லிங் பக்கம் போனாலும் கணக்கில் 22 பென்ஸ்தான். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அதை 22-ஆல் வகுத்தால் ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய் 14 அணா 6½ பை. ஆயிரம் பவுண்டுக்கு 909 ரூபாய் உங்கள் கணக்கில் குறையும். பிற்காலத்தில் இதே விதி தலைகீழாகக் கடித்தது. 1890களில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே சரிந்தபோது, கம்பெனிக்கு 22 பென்ஸ் மதிப்பில் வரவு வைத்த அரசுக்குத்தான் நட்டம்.

இன்னொன்று, எக்செல்லில் 12-8-6 (12 ரூபாய் 8 அணா 6 பை) என்பதை 12.86 என்று அடித்திருந்தால் எல்லாம் போச்சு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ரூபாயை 192-ஆல் பெருக்கி, அணாவை 12-ஆல் பெருக்கி, பையைக் கூட்டுங்கள்: 2406 பை. கூட்டல் கழித்தல் எல்லாம் பையிலேயே முடித்துவிட்டுக் கடைசியில் 192-ஆல் வகுத்தால் 12.53125 ரூபாய்.

ஜல்லி_மேடு:
தண்டவாளத்துக்கு ஒரு குறுக்கு வழி: ஒரு கெஜத் தண்டவாளம் எத்தனை ராத்தல் (எடைப் பவுண்டு) கனமோ அதை 11-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் ஒற்றைப் பாதை ஒரு மைலுக்கு எத்தனை டன் என்று வந்துவிடும். 84 ராத்தல் என்றால் 132 டன். இது 2240 ராத்தல் டன், இன்றைய 1000 கிலோ டன் இல்லை. வந்த விடையைப் பாதை நீளத்தால் மட்டும் பெருக்காதீர்கள். ஸ்டேஷன்களில் லூப், சைடிங், யார்டு என்று பக்கத் தடங்கள் எல்லாம் தண்டவாளத்தை விழுங்கும். மிச்சம் ஸ்டோர்ஸில் இருப்பாக நிற்கும்.

தொகையிலும் இடிக்கும். துறைமுகம் கட்டாத காலம். கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, அலையைத் தாண்டி மசூலா படகில் சரக்கு இறங்கும். இங்கிலாந்து விலை, கப்பல் கூலி, காப்பீடு, படகுக் கூலி, வண்டிக் கூலி எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு தண்டவாளத்தின் அடக்க விலை. பில் எல்லாம் ஒரே நாளில் வராது. அதனால் ஒரு உத்தேச விலை போட்டு வேலைக்குச் சரக்கை எழுதிவிடுவார்கள். வித்தியாசம் சஸ்பென்ஸ் என்ற தற்காலிகக் கணக்கில் தொங்கும், அரையாண்டு முடிவில் சரிக்கட்டுவார்கள். அந்தச் சரிக்கட்டுப் பதிவைத் தேடுங்கள்.

எம்புக்:
மண் வேலைக்கு வருகிறேன். கூலி கொடுப்பது குழி அளவுக்கு. கரை அளவு முன்னேற்றம் காட்ட. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வெட்டிய மண் உதிர்ந்து பருக்கும், கொட்டிய கரை ஒரு வடகிழக்கு மழை குடித்ததும் அமுங்கும். களிமண்ணில் இன்னும் மோசம். மழைக்கு முன் எடுத்த கரை அளவையும் பின் எடுத்ததையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

திருட்டு நடந்தால் குழியில்தான் நடக்கும். ஆழம் தெரிவதற்காக நடுவில் தோண்டாமல் ஒரு மண் திட்டை விட்டுவைப்பார்கள். அதன் தலையில் மூன்று அங்குலம் மண் அப்பினால் போதும். 50 அடிக்கு 20 அடி குழி, மூன்றடி ஆழம், 3000 கன அடி. அந்த மூன்று அங்குலம் 250 கன அடியைச் சும்மா கூட்டிவிடும், நூற்றுக்கு எட்டுக்கு மேல். மேட்டுப் பகுதியாகப் பார்த்துத் திட்டு விடுவது இன்னொரு வித்தை. பார்க்கிறவர் திட்டின் உச்சியைக் கிள்ளிப் பார்ப்பார்: புல் வேர் உள்ளே ஓடியிருந்தால் பழைய தரை, கையோடு உதிர்ந்தால் அப்பிய மண். அதனால் மேலதிகாரி திரும்ப அளந்த செக் மெஷர்மென்ட் தேதி, திட்டை உடைத்த தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை.

நீளம் அளந்த சங்கிலி 100 அடியா 66 அடியா என்பதையும் கவனியுங்கள். மைலுக்கு 52.8 சங்கிலி, இல்லையேல் 80.

மயிலை_பேரேடு:
நன்றி, முதல் இரண்டும் ஒட்டிவிட்டன. இத்தனை சல்லடை போட்டும் ஆகும் என்று சொன்னதைவிடச் செலவு எகிறியது ஏன்?

தம்பிடி:
சல்லடை சில்லறைக்குத்தான். கம்பெனியின் பில்லை அரசின் கன்சல்டிங் எஞ்சினியர் பார்த்துதான் ஒப்புதல் தருவார், ஆனால் போட்ட மூலதனத்துக்கு 5 சதவீதம் வரை வட்டிக்கு இந்திய வருவாய் ஜாமீன். நிலமும் இலவசம். பங்குதாரருக்குச் செலவைச் சுருக்க என்ன அவசியம்? அந்தப் பணம் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்று முன்னாள் நிதி உறுப்பினர் மாஸியே நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மைலுக்கு 8,000 பவுண்டு என்று நினைத்தது, நாட்டுச் சராசரியில் 18,000 பக்கம் போனது. மெட்ராஸ் பாதையை அந்தச் சராசரியோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் பெரிய காண்ட்ராக்டரிடம் மொத்தமாக விடாமல், தன் ஆட்களை வைத்தே, கட்டாய வேலை வாங்காமல் நடத்தினார்.

கட்டும் காலத்து வட்டியை மைல் செலவில் சேர்க்காமல் தனிப் பத்தியில் வையுங்கள். அது கம்பெனி பின்னால் லாபத்திலிருந்து திருப்ப வேண்டிய முன்பணம். 1856 ஜூலை 1-இல் ஒரு கோடும் போடுங்கள். அன்று பாதை திறந்தாயிற்று. தண்டவாளத்துக்கு அடியில் உளுத்த ஸ்லீப்பர் கட்டையை அதற்கு முன் மாற்றினால் கட்டுமானம், பின் மாற்றினால் பராமரிப்பு.