ஏணையில் உறங்கிப் பழகிய பிள்ளையைப் படுக்கைக்கு மாற்றலாமா?

உவர்மலைத்தாய்:
என் மகனுக்கு 7 மாதம். பேறுகால விடுமுறை முடிந்து நான் பாடசாலைக்குத் திரும்பி மூன்று மாதங்களாகின்றன. இரவு 8 மணிக்கு ஏணையில் இட்டு ஆட்டினால் பத்தே நிமிடத்தில் கண்ணயர்ந்துவிடுகிறான். ஆனால் 11 மணிக்குப் பின் ஏறத்தாழ ஒவ்வொரு மணித்தியாலமும் விழிக்கிறான். ஏணைக் கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு பாயில் படுக்கிறேன். அவன் சிணுங்கியதும் என் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்குகிறது. இதுவே நம் முறை என்கிறார் மாமி. ஏணையை நிறுத்தினால் இரவு நித்திரை நீளுமா?

நிலாவெளியான்:
நிறுத்துங்கள், அக்கா. இந்த வயதுப் பிள்ளையின் உறக்கச் சுற்று ஒரு மணித்தியாலத்திற்கும் சற்றுக் குறைவானது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை அரைவிழிப்புக்கு வரும். நாமும் அப்படித்தான் விழிக்கிறோம், ஆனால் புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். ஆட்டத்தில் கண்மூடிய பிள்ளையோ, அசையாத ஏணையில் கண்திறந்ததும், உறங்கும்போது இருந்த ஆட்டத்தைத் தேடி அழுகிறது. எனவே கண் சொருகும் வேளையில், முழுதாக உறங்குவதற்கு முன்பே படுக்கையில் மல்லாக்கக் கிடத்தி, அருகிலிருந்து மெல்லத் தட்டிக்கொடுங்கள். எங்கள் மகள் முதல் இரவில் நாற்பது நிமிடம் அழுதாள். ஆறாம் இரவில் ஐந்து நிமிடம்தான்.

தம்பலகாமத்தாள்:
தம்பி, நாற்பது நிமிடம் என்று எழுதுவது எளிது. நான் மருத்துவமாதுவாக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு பிள்ளைகளையும் ஏணையிலேயே வளர்த்தேன். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் மெத்தையில் கிடத்திய பிள்ளையின் முதுகு நனைந்துவிடும், ஏணையிலோ காற்றாடும். அதைவிட முக்கியமானது, பகல் முழுவதும் தாயைக் காணாத பிள்ளை இரவில்தான் அவளிடம் பால் குடித்து ஈடுசெய்கிறது என்பது. பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். உறக்கத்துக்குத் துணைசெய்யும் மெலடோனினும் இரவுப் பாலில் உண்டு. அழவிட்டுப் பழக்கி அந்தப் பாலையும் வற்றச் செய்யவா சொல்கிறீர்கள்?

நிலாவெளியான்:
பாலை நிறுத்தும்படி நான் எங்கும் எழுதவில்லை, அம்மா. பசிக்குப் பாலும் ஆட்டமும் வெவ்வேறு. ஏழு மாதப் பிள்ளை ஓரிரு முறை பாலுக்கு எழுவது இயல்பு, மணிக்கொரு முறை எழுவது பசியாலல்ல. நீங்கள் மருத்துவமாதுவாக இருந்ததால் கேட்கிறேன்: ஏணைக்குள் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டிக் கிடக்கும் பிள்ளைக்கு மூச்சுத் தடைப்படலாம் அல்லவா? அதுவும் புரளத் தொடங்கிய வயதில்?

தம்பலகாமத்தாள்:
அந்த இடத்தில் உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். இரவில் எல்லோரும் உறங்கும்போது ஏணையைக் கவனிப்பார் இல்லை. தலையணையற்ற, இறுக்கமான, சமதளமான படுக்கையே நல்லது, அதுவும் தாயின் அறையிலேயே. ஆனால் அழவிடுவதை நான் ஏற்கவில்லை. தூக்குங்கள், ஆற்றுங்கள், மீண்டும் கிடத்துங்கள். ஆறு நாள் பதினாறு நாளானாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

பாலையூற்றான்:
குரக்கன் மாவைப் பாலில் கரைத்துப் போத்தலில் கொடுத்தால் விடியும்வரை எழமாட்டான் என்கிறார்களே?

தம்பலகாமத்தாள்:
வேண்டாம். போத்தலில் மாவு புரையேறும். குரக்கன் கூழைப் பகலில் கரண்டியால் ஊட்டுங்கள்.

நிலாவெளியான்:
இதில் இருவரும் ஒன்றுபட்டோம். அக்கா, பகலில் அவன் எவ்வளவு நேரம் உறங்குகிறான்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, 4 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணித்தியாலம் போதும்.

உவர்மலைத்தாய்:
அதுதான் சிக்கல் போலும். நான் வீடு திரும்பும் மூன்று மணிக்குத்தான் மாமி அவனை ஏணையிலிட்டிருப்பார். ஆறு மணிக்குத்தான் எழுவான். நேற்று நாலரைக்கே எழுப்பினேன். இரவில் நுளம்பு வலைக்குள் பாயில் கிடத்தினேன். இரண்டு முறை தூக்கி ஆற்ற வேண்டியிருந்தது. பின்னர் ஒரு மணிவரை உறங்கினான், பால் குடித்தான், நான்கு மணிக்குத்தான் மீண்டும் எழுந்தான். ஏணையைக் கழற்ற மாமி விடவில்லை. வெறும் சேலை எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, என் கால்தான் இரண்டு முறை தானாக ஆடியது.