ஒரே தளத்தை வளர்ப்பதா, அஞ்சாறு தளம் போட்டுப் பார்ப்பதா?

லென்ஸ்கிறுக்கன்:

வணக்கம் மக்களே. பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களைப் பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே இரவிலும் வார இறுதியிலும் எழுதுவதுதான். வேர்ட்பிரஸ், இலவச தீம், மலிவான ஷேர்டு ஹோஸ்டிங். ஐம்பதுக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன, எல்லாமே லென்ஸை வாங்கியோ இரவல் கேட்டோ நானே படமெடுத்துப் பார்த்து எழுதியவை. கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தால் இம்ப்ரெஷன் (தேடலில் தளம் கண்ணில் பட்ட எண்ணிக்கை) மாதாமாதம் ஏறுகிறது, கிளிக் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் போட்டிருக்கிறேன், 100 டாலர் சேர்ந்தால்தானே பணம் அனுப்புவார்கள், அந்த வரம்பு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

குழப்பம் இதுதான். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், இந்த ஒன்றையே கட்டிக்கொண்டு அழாதே, காலாவதியான டொமைன் (தள முகவரி) நாலைந்தை ஏலத்தில் எடு, ஏஐ வைத்து ஒவ்வொன்றிலும் முந்நூறு கட்டுரை இறக்கு, ஐந்தில் ஒன்று ஓடினாலும் போட்ட காசு வந்துவிடும் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. இருக்கிற தளத்திலேயே உழைப்பதா, அப்படியென்றால் எதை மாற்றுவது, இல்லை புதிதாகத் தொடங்கிவிடுவதா? தளம் நடத்திச் சம்பாதிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையகை:

உங்கள் நண்பர் சொல்வது ஒரு காலத்தில் வேலை செய்த வித்தை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளைத் திருத்தியபோது இதையெல்லாம் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது. தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வது ஒன்று (மனிதன் எழுதினானா இயந்திரம் எழுதியதா என்பது அங்கே கேள்வியே இல்லை), காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய மதிப்பில் சம்பந்தமில்லாத சரக்கை ஏற்றுவது இன்னொன்று. நண்பரின் திட்டம் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது. தப்பித் தவறி ஒரு வருடம் ஓடினாலும் கூகுள் தேடல் வரிசையை மாற்றும் அடுத்த அப்டேட்டில் மொத்தமாகப் போகும். 2011இல் பாண்டா என்ற அப்டேட் வந்தபோது இதே மாதிரி பண்ணைத் தளங்களும், 2012இல் பெங்குயின் வந்தபோது செயற்கை இணைப்புகளால் மேலேறிய தளங்களும்தான் முதலில் விழுந்தன.

அதே நேரம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் வந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட்டில், நேர்மையாக எழுதிக்கொண்டிருந்த சின்னத் தளங்கள் பலவும் சேர்த்தே அடி வாங்கின. நல்லவனாக இருந்தால் கூகுள் காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் திட்டம் ஆகாது.

ஐந்து தளம் என்றால் ஐந்து ரெனியூவல், ஐந்து பேக்கப், ஐந்து இடத்தில் ப்ளகின் அப்டேட். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து டொமைன் வாங்குபவர்கள் ரெனியூவல் விலையைப் பார்ப்பதே இல்லை. ஐந்தையும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வைத்தால், கவனிக்காமல் விட்ட ஒன்றில் ஓட்டை விழுந்து மால்வேர் ஐந்துக்கும் பரவும்.

அப்புறம், கேட்காத கேள்விக்கு ஒரு பதில். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய டொமைன், தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பு எல்லாம் அந்த ஆளுக்கே போக, அவர் கண்டுகொள்ளவே இல்லை. டாட் காம் போன்ற டொமைன்களுக்குக் காலக்கெடு முடிந்து நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்குத் தனியாகத் தண்டம் அழ வேண்டும்.

எழுத்தாணி:

இம்ப்ரெஷன் ஏறுவது நல்ல செய்திதான். சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சராசரி இடத்தையும் காட்டச் சொல்லி, 8லிருந்து 20 வரை நிற்கும் தேடல்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய தலைப்பை மறந்துவிட்டு ஆட்கள் என்ன கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வாசியுங்கள். பெரும்பாலும் நாம் ஒன்றை எழுதியிருப்போம், அவர்கள் அதன் ஓரத்தில் இருக்கும் வேறொன்றைத் தேடியிருப்பார்கள்.

லென்ஸ் தளம் என்றால் மாதிரிப் படங்கள் நிறைய இருக்கும், முழு அளவில் அப்படியே ஏற்றியிருக்கிறீர்களா? பக்கத்தின் பெரிய படம் தெரிய 2.5 வினாடிக்கு மேல் ஆனால் கூகுளின் அளவுகோலில் அது நல்ல கணக்கில் சேராது. வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றுங்கள், முழு அளவுப் படத்தைத் தனி இணைப்பாகக் கொடுங்கள். ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு டிராஃபிக் கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் அந்தத் தேடல் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

லென்ஸ்கிறுக்கன்:

பார்த்தேன். கொஞ்சம் அசந்துதான் போனேன். நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிய லென்ஸ் விமர்சனங்களுக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் ‘இந்த லென்ஸ் அந்த கேமராவில் மாட்டுமா’ வகைத் தேடல்கள். எம்42 (பழைய திருகு வகை மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம்) லென்ஸை நிக்கானில் போடலாமா, கேனானின் பழைய எஃப்டி லென்ஸை அதற்குப் பின் வந்த இஎஃப் கேமரா பாடியில் போடலாமா, இப்படி. அதற்கென்று தனிப் பக்கமே என்னிடம் இல்லை, விமர்சனத்தின் நடுவில் ஒரு பத்தியாகத்தான் சொல்லியிருப்பேன். அடுத்தபடியாக மஞ்சளாகிப் போன, பென்டாக்ஸ் கம்பெனியின் பழைய டாகுமர் லென்ஸைச் சரிசெய்வது பற்றிய கட்டுரை, அது மட்டும் தனியாக ஓடுகிறது.

படங்கள்... ஆமாம், முழு அளவுதான் 😅

எழுத்தாணி:

இதற்கு மேல் என்ன வேண்டும், உங்கள் அடுத்த தளம் இந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு லென்ஸ் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தேடிப் பார்த்தவரை இது வெறும் கழித்தல் கணக்கு. லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்குமான ஃபிளாஞ்ச் தூரம் நிக்கான் எஃப்புக்கு 46.5 மி.மீ., எம்42க்கு 45.46, கேனான் இஎஃப்புக்கு 44, எஃப்டிக்கு 42, சோனி இ மவுண்டுக்கு 18. லென்ஸின் தூரம் பாடியின் தூரத்தைவிட அதிகமாக இருந்தால் இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும். குறைவாக இருந்தால் நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தொலைவில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. சரிதானே?

அப்படியென்றால் ஒரே ஒரு பக்கம். இடப்பக்கம் லென்ஸ் மவுண்ட், வலப்பக்கம் கேமரா மவுண்ட், தேர்ந்தெடுத்தால் மாட்டுமா, என்ன அடாப்டர், எதில் கவனம் என்று பதில். அதோடு அதிகம் தேடப்படும் ஜோடிகளுக்கு மட்டும் தனிப் பக்கம். எல்லா ஜோடிக்கும் தானாகவே நூற்றுக்கணக்கில் பக்கம் உருவாக்கிவிடலாமே என்ற சபலம் வரும், வேண்டாம். பழையகை அண்ணா மேலே சொன்ன அதே மொத்த உற்பத்திக் குழியில்தான் அது கொண்டுபோய் விடும். ஒரு ஜோடியைப் பற்றிச் சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் பக்கம் போடுங்கள். பழைய விமர்சனங்களிலிருந்து இதற்கு இணைப்பும் கொடுங்கள், உள் இணைப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

டிராஃபிக் பேச்சு இருக்கட்டும், காசு எங்கிருந்து வரும் என்று யாரும் பேசவில்லையே.

இந்த அளவு ஆட்கள் வரும் தளத்துக்கு ஆட்சென்ஸ் சோறு போடாது. அது கூட்டத்தை நம்பிய தொழில். உங்களிடம் கூட்டம் இல்லை, ஆனால் வருகிற ஒவ்வொருவரும் எதையோ வாங்கப் போகிறவர். லென்ஸ் மாட்டுமா என்று கேட்பவர் அடுத்து அடாப்டர்தானே வாங்குவார்? அதனால் வாசகர் வாங்கினால் கமிஷன் தரும் அஃபிலியேட் இணைப்புதான் இங்கே இயல்பாகப் பொருந்தும். ஆனால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். அமேசான் 2020 ஏப்ரலில் பல வகைப் பொருட்களுக்குக் கமிஷனைச் சட்டென்று குறைத்தது, அதையே நம்பியிருந்தவர்கள் ஒரே மாதத்தில் வருமானம் சரிந்து நின்றார்கள். உங்கள் இணைப்பில் வந்தவர் என்று நினைவில் வைக்கும் அவர்களுடைய குக்கீயும் பொதுவாக 24 மணி நேரம்தான், வாசகர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் யோசிக்கிற ஜாதி. எனவே அடாப்டருக்கு மட்டும் வையுங்கள், அது யோசிக்காமல் வாங்கும் பொருள். இணைப்பில் ஸ்பான்சர்டு என்ற குறியீடு போடுங்கள், பக்கத்தின் மேலேயே கமிஷன் கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள், கீழே பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள்.

அப்புறம் மின்னஞ்சல் பட்டியல். இதை இன்றே தொடங்கச் சொல்வேன். தேடல் அடுத்த அப்டேட்டில் உங்களைக் கைகழுவலாம், பட்டியல் உங்களிடம்தான் இருக்கும். புதிய தயாரிப்புகளை அறிமுகப்படுத்தும் ப்ராடக்ட் ஹன்ட் தளம் 2013இல் வெறும் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியதுதான். ஊர் ஊராகப் போய் இணையத்தில் வேலை செய்பவர்களுக்கான நோமேட் லிஸ்ட் தளம் 2014இல் எல்லாரும் திருத்தும்படி திறந்துவிட்ட ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து வந்தது. மென்பொருள் கட்டுவதற்கு முன்னாலேயே ஆட்களுக்கு அது வேண்டுமா என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். நீங்களும் அந்த மவுண்ட் அட்டவணையை முதலில் சாதாரண ஷீட்டாகவே போட்டு, மின்னஞ்சல் கொடுத்தால் முழுப் பட்டியல் அனுப்புகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கொடுக்கவில்லை என்றால் கருவி கட்டும் உழைப்பு மிச்சம்.

அனுப்பும்போது மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைனில் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கறார். மூன்றும் கட்டாயம் என்பது நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் என்றாலும், சின்னப் பட்டியலும் ஸ்பாம் பெட்டியில் விழாமல் இருக்க இது உதவும்.

குறுக்குசால்:

என் பெயருக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். ஒரே தளம் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வருமானம் முழுக்க ஒரே டொமைனில், அந்த டொமைனுக்கு வரும் ஆட்கள் முழுக்க ஒரே தேடுபொறியில் என்றால் ராத்திரி தூக்கம் வராது. இரண்டாவது தளம் தவறில்லை, எப்போது என்பதுதான் கேள்வி. முதல் தளத்தை ஒரு மாதம் தொடாமல் விட்டாலும் வருமானம் விழாமல் இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். இப்போது உங்களுக்கு விழுவதற்கே வருமானம் இல்லை, அதனால் இந்தக் கட்டத்தில் மற்றவர்கள் சொல்வது சரி.

விற்கும் எண்ணம் பின்னால் வந்தாலும் ஒரே ஆழமான தளம்தான் மதிப்பு. பொருட்களைச் சோதித்துப் பரிந்துரைக்கும் வயர்கட்டர் 2011இல் தொடங்கி, 2016இல் சுமார் 3 கோடி டாலருக்கு நியூயார்க் டைம்ஸிடம் போனது. அந்த உயரத்தை எதிர்பார்த்து யாரும் வேலையை விட வேண்டாம், ஆனால் உண்மையாகச் சோதித்து எழுதியதற்குத்தான் அந்த விலை. சின்னத் தளம் வாங்குபவர்களும் மாத லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கித்தான் விலை பேசுவார்கள், ஆட்கள் ஒரே இடத்திலிருந்து வந்தால் அந்த மடங்கைக் குறைப்பார்கள்.

இன்னொன்று, 2024 மே மாதத்திலிருந்து கூகுள் தேடல் பக்கத்திலேயே ஏஐ சுருக்கம் காட்டத் தொடங்கிவிட்டது. எம்42 என்றால் என்ன என்ற கட்டுரையின் காலம் அதோடு முடிந்தது, அதற்கு இனி யாரும் கிளிக் செய்ய மாட்டார்கள். உங்களுக்கு இம்ப்ரெஷன் ஏறிக் கிளிக் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எழுத்தாணி சொன்ன கழித்தல் கணக்கைக்கூட அந்தச் சுருக்கம் சொல்லிவிடும், அதனால் கணக்கை மட்டும் வைத்துப் பக்கம் போட்டால் பத்தோடு பதினொன்றுதான். கையில் லென்ஸ் வைத்திருப்பவனுக்கு மட்டும் தெரிந்தது என்ன இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

லென்ஸ்கிறுக்கன்:

அது நிறைய இருக்கிறது! எம்42 லென்ஸ் கேனான் இஎஃப்பில் கணக்குப்படி மாட்டும், ஆனால் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) பாடியில் சில லென்ஸ்களைத் தூர ஃபோகஸுக்குத் திருப்பினால் பின்பகுதி வெளியே நீண்டு கேமராவுக்குள் இருக்கும் ஆடியில் இடிக்கும். எந்த லென்ஸ் இடிக்கும், எது இடிக்காது என்பதைச் சொந்தமாக மாட்டிப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். வாசகர்களிடமும் கேட்டு வாங்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அந்த மஞ்சள் லென்ஸ் கட்டுரையும் அப்படித்தான். கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் வரும் மஞ்சள், புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் மெல்லக் குறையும். வாராவாரம் படமெடுத்துப் போட்டிருந்தேன், அதனால்தான் ஓடுகிறது போல.

சரி, ஏலமும் வேண்டாம் முந்நூறு கட்டுரையும் வேண்டாம். ஷீட்டிலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒரு கேள்வி, பின்னால் கருவியாக மாற்றும்போது ஏதாவது ப்ளகின் வாங்குவதா?

பழையகை:

ப்ளகின் எதற்கு? இருபது முப்பது மவுண்டுக்கு ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் போதும், எண்களை ஜேசன் என்ற ஒரு சாதாரணத் தரவுக் கோப்பில் வைத்துவிட்டால் திருத்துவதும் சுலபம். பதிலை ஸ்கிரிப்ட் காட்டினாலும், முழு அட்டவணையையும் அதே பக்கத்தில் சாதாரண எழுத்தாக வையுங்கள், தேடுபொறி படிக்க அது உதவும். இடிக்கும் இடிக்காது தகவலுக்கு ஒரு படிவம் வையுங்கள். அனுப்புகிறவர் கேமரா மாடலைச் சொல்லி ஒரு படமும் இணைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள், இல்லையென்றால் குப்பைதான் சேரும்.

எழுத்தாணி சொன்ன கணக்கில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கவனியுங்கள். பென்டாக்ஸ் கே மவுண்டும் எம்42 மாதிரியே 45.46 மி.மீ.தான், வித்தியாசம் சைபர். கழித்துப் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதை மாட்டாது என்று சொல்லிவிடும். ஆனால் பென்டாக்ஸ் கே வளையம் அகலமானது, அடாப்டர் அதன் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், ஃபோகஸ் சரியாக வரும். அந்த ஜோடியைக் கையால் எழுதிச் சேர்த்துவிடுங்கள், பென்டாக்ஸ் ஆட்கள்தான் உங்கள் தளத்துக்கு முதலில் வருவார்கள்.